நாற்பத்தாறு சதவீதம்: எதில், எது?

"மாணவர்களுக்குச் சதவீதக் கணக்கு வருவதில்லை" என்பது வேதியியல் ஆசிரியர் அறைகளில் ஆண்டுதோறும் ஒலிக்கும் புலம்பல். பள்ளியில் ஒலிக்கிறது, கல்லூரி முதலாண்டில் ஒலிக்கிறது, செவிலியர் பயிற்சியிலும் வேளாண் பட்டயப் படிப்பிலும் ஒலிக்கிறது. புலம்பலில் பொய் இல்லை. அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் பொய். நாற்பதை முந்நூற்று அறுபதால் வகுத்து நூறால் பெருக்கத் தெரியாத மாணவர் பதினொன்றாம் வகுப்பு அறிவியல் பிரிவில் அரிது. தெரியாதவருக்கும் கைபேசியில் கணிப்பான் இருக்கிறது. மாணவர் தடுமாறும் இடம் அதற்கு முந்தியது: எதை எதனால் வகுப்பது? இந்தக் கேள்விக்கு விடையை எண்களுக்குள் தேட முடியாது. விடை ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது. அந்த வாக்கியத்தை வகுப்பறையிலிருந்து வெளியேற்றியவர்கள் மாணவர்கள் அல்லர்.

சதவீதம் என்பது எண் போலத் தோற்றம் காட்டும் ஒரு வாக்கியம். அதற்குள் இரண்டு பெயர்ச்சொற்கள் மறைந்திருக்கின்றன. முழுமையாக எடுத்துக்கொள்ளப்பட்ட பொருளின் பெயர் ஒன்று; அதற்குள் எண்ணப்படும் பகுதியின் பெயர் மற்றொன்று. மூன்றாவதாக ஓர் அளவையும் உண்டு: எடை பார்த்துச் சொல்லப்பட்டதா, கனஅளவு பார்த்துச் சொல்லப்பட்டதா? இம்மூன்றும் தெரிந்துவிட்டால் எஞ்சுவது தொடக்கப் பள்ளிப் பெருக்கல். ஒன்று தெரியாவிட்டாலும், பெருக்கல் எவ்வளவு பிழையின்றி இருந்தாலும் விடை தவறும். அதைவிடக் கொடியது, தவறியது தெரியாமலே போகும்.

இதற்கான சான்று இந்தியாவின் எந்தச் சிற்றூர் உரக்கடையிலும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. யூரியா மூட்டையில் 46 என்று அச்சிடப்பட்டிருக்கும். அதன் பக்கத்திலேயே டிஏபி மூட்டையில் 18, 46 என்று இருக்கும். ஒரே கடை, ஒரே எண், ஒரே குறி. ஆனால் இரண்டு நாற்பத்தாறுக்கும் பொருள் வேறு. யூரியாவின் 46 நைட்ரஜன் என்னும் தனிமத்தைக் குறிக்கிறது. யூரியாவின் மூலக்கூறு நிறை 60, அதில் நைட்ரஜனின் பங்கு 28, கணக்கிட்டால் 46.67 வருகிறது. மூட்டையின் எண்ணும் ஏட்டின் எண்ணும் ஒத்துப்போகின்றன. அதே முறையில் டிஏபியைக் கணக்கிடும் மாணவர் திகைத்து நிற்பார். டைஅம்மோனியம் பாஸ்பேட்டின் மூலக்கூறு நிறை 132. அதில் பாஸ்பரஸ் 31. கலப்பே இல்லாத தூய பொருளிலும் பாஸ்பரஸ் 23.5 சதவீதத்தைத் தாண்ட வழியில்லை. மூட்டையோ 46 என்கிறது. தூய பொருளில் இருப்பதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு பாஸ்பரஸை ஒரு மூட்டை எப்படிச் சுமக்கும்?

மூட்டை பொய் சொல்லவில்லை; ஒரு பெயர்ச்சொல்லை விழுங்கிவிட்டுச் சொல்கிறது. அங்கே 46 என்பது பாஸ்பரஸ் பென்டாக்சைடின் சதவீதம். அந்த ஆக்சைடு மூட்டைக்குள் ஒரு துகள்கூட இல்லை என்பதுதான் வேடிக்கை. தாவரத்தைச் சாம்பலாக்கிப் பகுத்து, கிடைத்தவற்றை ஆக்சைடுகளாக எழுதிவைத்த 19ஆம் நூற்றாண்டு வேதியியலாளரின் வழக்கம், வணிக மரபாகி, சட்டத்துக்குள்ளும் புகுந்து இன்றுவரை நிற்கிறது. 50 கிலோ டிஏபி மூட்டையில் 23 கிலோ "ஆக்சைடு" என்று கணக்கு. தனிமமாகப் பார்த்தால் பாஸ்பரஸ் ஏறத்தாழ 10 கிலோ. பொட்டாஷ் மூட்டையின் 60 என்ற எண்ணும் இப்படியே: அது பொட்டாசியம் ஆக்சைடின் பெயரால் சொல்லப்படுவது, தனிமக் கணக்கில் ஏறத்தாழ 50தான். மண்ணுக்கான பரிந்துரையும் மூட்டையும் ஒரே மரபில் பேசுவதால் உழவர் ஏமாறுவதில்லை. ஏமாறுபவர் வேதியியல் படித்தவர்.

அவர் ஏமாறுவதற்கான பயிற்சி எங்கே தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். என்சிஇஆர்டியின் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் நூலில் பல ஆண்டுகள் இடம்பெற்றிருந்த எளிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு: 320 கிராம் நீரில் 40 கிராம் உப்பு கரைந்திருக்கிறது, செறிவு எவ்வளவு? விடை 11.1 சதவீதம். பெரும்பாலான மாணவர்களின் கை முதலில் எழுதத் துடிக்கும் விடை 12.5. இதைப் "பிழை" என்று சிவப்பு மையால் சுழித்துவிட்டு அடுத்த ஏட்டுக்குப் போவது எளிது. ஆனால் 12.5 என்பது தவறான வகுத்தலின் விளைவு அன்று. நாற்பதை முந்நூற்று இருபதால் வகுத்தால் அதுதான் வரும். வேறொரு கேள்விக்கு அது முற்றிலும் சரியான விடை: "நூறு கிராம் நீருக்கு எத்தனை கிராம் உப்பு?" நூல் கேட்டதோ, "நூறு கிராம் கரைசலில் எத்தனை கிராம் உப்பு?" என்பதை.

நீருக்கு, கரைசலில். நான்காம் வேற்றுமை ஒன்று, ஏழாம் வேற்றுமை ஒன்று. 11.1-க்கும் 12.5-க்கும் இடையே நிற்பது இந்த வேற்றுமை உருபுகளும் அவை ஒட்டிநிற்கும் பெயர்களும்தான். "நீருக்கு" என்னும்போது உப்பும் நீரும் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்றுக்கு மற்றொன்று இணையாக வைக்கப்படுகிறது. "கரைசலில்" என்னும்போது உப்பு, முழுமைக்குள் போய் அமர்ந்துவிடுகிறது; வகுக்கும் எண்ணில் அதுவும் சேர்ந்தாக வேண்டும். இதைப் புரிந்துகொள்ள உயர்கணிதம் வேண்டியதில்லை. தாய்மொழியில் ஒரு வாக்கியத்தை முழுமையாகச் சொல்லத் தெரிந்தால் போதும். ஆனால் கரும்பலகையில் அந்த வாக்கியம் எழுதப்படுவதில்லை. "மேலே சின்னது, கீழே பெரியது, இன்ட்டு நூறு" என்பதே எழுதப்படுகிறது. சின்னது எது, பெரியது எது என்று கேட்கும் பிள்ளை "மந்தம்" எனப்படுகிறது. உண்மையில் அந்த அறையில் வேதியியல் கேள்வி கேட்டது அந்தப் பிள்ளை மட்டுமே.

பாடநூலின் மீது முழுப் பழியையும் போடுவது நேர்மையாகாது. நிறைக்கு நிறை, நிறைக்குக் கனஅளவு, கனஅளவுக்குக் கனஅளவு என்று மூவகைச் சதவீதங்களை நூல்கள் பெயர் சொல்லியே வரையறுக்கின்றன. பழுது நிகழ்வது நூலிலிருந்து பலகைக்கும், பலகையிலிருந்து வினாத்தாளுக்கும் செல்லும் வழியில். முதலில் "கரைசலின்" என்பது உதிர்கிறது. பிறகு "நிறையால்" என்பது உதிர்கிறது. கடைசியில் ஓர் எண்ணும் இரு சுழிகளுக்கு நடுவே ஒரு சாய்கோடும் எஞ்சுகின்றன. அந்தக் குறியே ஒரு வணிகச் சுருக்கம்தான். 15ஆம் நூற்றாண்டு இத்தாலிய வணிகர்களின் ஏடுகளில் "நூற்றுக்கு" என்னும் தொடரை விரைவாக எழுதப்போய்ப் பிறந்தது. வணிகர் இருவருக்கும் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது முன்பே தெரிந்திருந்தது. சுருக்கத்தால் அவர்களுக்கு இழப்பில்லை. பொருளையே இன்னும் பார்த்திராத பதினான்கு வயதுப் பிள்ளையின் முன் அதே சுருக்கத்தை நிறுத்தி, "விளங்கவில்லையா?" என்று அதட்டுவது கற்பித்தலில் சேராது.

எழுத்தறிவே இல்லாதவர்களும் இதில் தடுமாறுவதில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். "மூணு வட்டி" என்று கடன் பேசும் கிராமத்து மூதாட்டிக்கு அதற்குள் மறைந்திருக்கும் எல்லாச் சொற்களும் தெரியும்: நூறு ரூபாய்க்கு, மாதத்துக்கு, மூன்று ரூபாய். வங்கிக்காரர் ஆண்டுக்குப் பன்னிரண்டு சதவீதம் என்றால், அது "ஒரு வட்டி" என்று அவர் உடனே பெயர்த்துச் சொல்வார். சுருக்கம் அவரை ஏமாற்றாததற்குக் காரணம், விரித்துச் சொன்ன வாக்கியத்தை அவர் ஆயிரம் முறை கேட்டு, பேசி, கட்டிப் பழகியிருக்கிறார் என்பதே. வகுப்பறை செய்வது இதற்கு நேர்மாறானது. விரித்த வாக்கியத்தைப் பழக்காமலே சுருக்கத்தைக் கையில் திணிக்கிறது.

இந்திய மொழிகள் இதில் மாணவர் பக்கம் நிற்கின்றன. இந்தியின் "பிரதிசத்", உருதுவின் "ஃபீ சத்", மலையாளத்தின் "சதமானம்", தமிழின் "சதவீதம்" எல்லாமே நூறு என்னும் சொல்லைத் தம் உடலிலேயே சுமக்கின்றன. அதைவிடப் பெரிய உதவி ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் "ஆஃப்", "இன்", "பை" என்னும் சிறு சொற்கள் தனித்து நிற்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழைந்தாலும் வாக்கியம் கெட்டுப்போனதாகத் தெரியாது. தமிழிலோ "இல்", "க்கு" என்பன தனித்து உலவ முடியாதவை. ஒரு பெயரைப் பற்றிக்கொண்டே வர வேண்டும். "எதில்?" என்று ஒரு முறை கேட்டுவிட்டால் "கரைசலில்" என்றோ "நீரில்" என்றோ ஒரு பொருளின் பெயர் வாயிலிருந்து வந்தே தீரும். பத்தாம் வகுப்புவரை தமிழிலோ இந்தியிலோ வங்காளத்திலோ படித்த பிள்ளை, பதினொன்றில் ஆங்கில வழிக்கு மாறும்போது இழப்பது சொற்களை மட்டுமன்று. கேள்வி கேட்கும் இந்தக் கருவியையும் சேர்த்து இழக்கிறது.

இந்தக் கருவி தமிழ்ப் பிள்ளையிடம் இருக்கிறது என்பதைத் தமிழறிஞர் உலகமும் கண்டுகொள்ளவில்லை. "சதவீதம்" சரியா, "சதவிகிதம்" சரியா, இரண்டும் வடமொழி என்பதால் "விழுக்காடு" என்றே எழுத வேண்டுமா என்னும் சண்டை சமூக ஊடகங்களில் மாதம் ஒரு முறை மூள்கிறது. மூன்று சொல்லும் நல்ல சொற்களே. எதை எழுதினாலும் விளங்கும். ஆனால் "46 விழுக்காடு" என்று தூய தமிழில் எழுதிவிட்டு எதில், எது என்பதைச் சொல்லாமல் விட்டால், அந்தத் தூய்மையால் ஒரு பிள்ளைக்கும் பயனில்லை. கலைச்சொல்லைக் காக்கப் புறப்பட்டவர்கள் வேற்றுமை உருபைத் தெருவில் விட்டுவிட்டார்கள்.

பெயர்ச்சொல் தொலைவதால் என்ன பெரிய கேடு என்று கேட்பவர்கள் ஆய்வகத்துக்குப் போய்ப் பார்க்கலாம். அடர் கந்தக அமிலக் குப்பியில் 98 சதவீதம் என்று இருக்கிறது. ஒரு லிட்டரில் எவ்வளவு அமிலம்? "980 கிராம்" என்பது விரைந்து வரும் விடை. 98 ஆல் வகுத்தால் பத்து மோல்; ஆக, பத்து மோலார். உண்மை வேறு. அந்த 98 எடைக்கு எடை சொல்லப்பட்டது. நூறு கிராம் திரவத்தில் 98 கிராம் அமிலம். அந்தத் திரவத்தின் ஒரு லிட்டர் 1,840 கிராம் எடையுள்ளது. ஆகவே அதில் அமிலம் 1,803 கிராம், செறிவு 18.4 மோலார். அளவையின் பெயர் ஒன்று விடுபட்டதால் அமிலம் ஏறத்தாழ பாதியாகக் குறைத்து மதிப்பிடப்படுகிறது. அதை நம்பி நீர்த்த அமிலம் தயாரிப்பவரின் கையில் இருப்பது அவர் எண்ணியதைவிட இரு மடங்கு வலிய திரவம்.

உடற்கூற்றியல், நோய்க்குறியியல் கூடங்களில் திசுக்களைப் பாதுகாக்கும் "பத்து சதவீத ஃபார்மலின்" இன்னும் நல்ல பாடம். ஃபார்மலின் என்பதே தூய பொருளன்று. ஃபார்மால்டிஹைடு வாயு நீரில் 37 முதல் 40 சதவீதம்வரை கரைந்த கரைசல். பத்து சதவீத ஃபார்மலின் என்றால் அந்தக் கரைசலில் ஒரு பங்கு, நீர் ஒன்பது பங்கு. அதில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு நான்கு சதவீதம்தான். பெயரைக் கவனியாமல் "பத்து சதவீத ஃபார்மால்டிஹைடு" என்று வாசிப்பவர், தேவையைப் போல இரண்டரை மடங்கு செறிவில் கண்ணையும் மூக்கையும் எரிக்கும் கரைசலைக் கலப்பார். எண் மாறவே இல்லை. பெயர் மட்டும் மாறியது.

எழுபது சதவீத எத்தனால் தயாரிப்பதும் இவ்வாறே. "70 மி.லி. எத்தனாலுடன் 30 மி.லி. நீர் சேர்" என்பதும், "70 மி.லி. எத்தனாலை எடுத்து, மொத்தம் 100 மி.லி. ஆகும்வரை நீர் சேர்" என்பதும் ஒன்றெனவே பலர் நினைக்கிறார்கள். எத்தனாலும் நீரும் கலக்கும்போது மொத்தக் கனஅளவு சுருங்கும். எழுபதும் முப்பதும் சேர்ந்து நூறு மில்லி லிட்டர் ஆவதில்லை. எடைகள் கூட்டினால் கூடும். கனஅளவுகள் எப்போதும் அப்படிக் கூடுவதில்லை. "ஆகும்வரை" என்ற ஒரு சொல்லில் ஒரு வேதியியல் உண்மை முழுவதும் அடங்கியிருக்கிறது. அந்தச் சொல்லைக் கழித்துவிட்டுச் சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு அந்த உண்மை ஒருபோதும் தட்டுப்படாது.

மருத்துவமனையில் இதன் விலை இன்னும் அதிகம். மரப்பூசியான லிக்னோகெய்ன் 2 சதவீதம் என்றால் 100 மி.லி.யில் 2 கிராம். அதாவது ஒரு மி.லி.யில் 20 மில்லிகிராம். "இரண்டு சதவீதம், ஆகவே ஒரு மி.லி.யில் இரண்டு மில்லிகிராம்" என்று மனத்தில் பதிந்துவிட்டால் நோயாளியின் உடலுக்குள் போவது பத்து மடங்கு மருந்து. அட்ரினலின் நெடுங்காலமாக "ஆயிரத்தில் ஒன்று", "பத்தாயிரத்தில் ஒன்று" என்னும் விகிதங்களாகவே குப்பிகளில் எழுதப்பட்டு வந்தது. பார்வைக்குப் பத்தாயிரம் பெரிது. மருந்தின் வலிமையோ அதில் பத்திலொரு பங்கு. நெருக்கடி நேரத்தில் இந்தத் தலைகீழ்க் கணக்குக்குள் விழுந்து எழ எத்தனை பேருக்கு நேரம் இருக்கும்? அமெரிக்காவின் மருந்துத் தரநூல் 2016 மே மாதம் முதல், ஒரே மருந்து அடங்கிய ஊசிக் குப்பிகளின் சீட்டில் இத்தகைய விகிதங்களை நீக்கி, ஒரு மி.லி.யில் இத்தனை மில்லிகிராம் என்று எழுதப் பணித்தது. மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் கணக்கு வராது என்று அங்கே யாரும் கைவிரிக்கவில்லை. எழுத்துமுறையே குற்றவாளி என்று கண்டு, அதைத் திருத்தினார்கள். தேர்ந்த மருத்துவருக்குத் தேவைப்பட்ட அந்தச் சலுகை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு மட்டும் ஏன் மறுக்கப்படுகிறது?

இந்த இடத்தில் பயிற்சி மையங்கள் குறுக்கிடும். அவற்றின் வாதம் வலுவற்றதன்று. அதை அதன் முழு வலுவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். நீட் தேர்வில் 180 நிமிடங்களில் 180 வினாக்கள். அவற்றில் வேதியியல் 45. ஒரு வினாவுக்கு ஒரு நிமிடம். வாக்கியம் எழுதிக்கொண்டிருந்தால் தரவரிசை போய்விடும். ஆகவே குறுக்குவழி, முக்கோணச் சூத்திரம், மின்னல் முறை. வாய்ப்புகள் குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் தரவரிசைதான் வாழ்க்கை என்பதையும் மறுக்க முடியாது.

ஆனால் அந்த ஒரு நிமிடத்துக்குள் என்ன கேட்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். வழக்கமான வினா ஒன்று: 80 சதவீதத் தூய்மையுள்ள 200 கிலோ சுண்ணாம்புக்கல்லைச் சூடேற்றினால், விளைச்சல் 90 சதவீதம் எனில், எத்தனை கிலோ கார்பன் டைஆக்சைடு கிடைக்கும்? இதில் கண்ணுக்குத் தெரியும் சதவீதங்கள் இரண்டு; கண்ணுக்குத் தெரியாமல் மூன்றாவதும் உண்டு. முதல் நூறு, வெட்டியெடுத்த கல்: நூறு கிலோ கல்லில் 80 கிலோ கால்சியம் கார்பனேட், ஆக 160 கிலோ. இரண்டாம் நூறு, தூய கார்பனேட்: நூறு கிலோவில் 44 கிலோ கார்பன் டைஆக்சைடாக வெளியேறும், ஆக 70.4 கிலோ. மூன்றாம் நூறு, கிடைத்திருக்க வேண்டிய வாயு: அதன் நூறில் 90தான் கைக்கு வந்தது, ஆக 63.36 கிலோ. மூன்று சதவீதங்களுக்கும் மூன்று வெவ்வேறு முழுமைகள். "இன்ட்டு நூறு" கற்றவர் இங்கே எண்பதையும் தொண்ணூறையும் கூட்டலாமா, கழிக்கலாமா, சராசரி எடுக்கலாமா என்று அரை நிமிடம் அலைகிறார். ஒவ்வொன்றுக்கும் "எதில், எது" என்று கேட்டுப் பழகியவர் மூன்று பெருக்கலில் முடித்துவிடுகிறார். குறுக்குவழி நேரத்தை மிச்சப்படுத்துவது, ஏற்கெனவே பார்த்த அச்சில் வினா வரும்வரை மட்டுமே. அச்சு சிறிது மாறினாலும், மாணவர் வேறொரு குறுக்குவழிக்காக மீண்டும் கட்டணம் கட்ட வேண்டும். மையத்துக்கு இது குறையன்று; அதன் வருவாயே அதுதான்.

"மொழியைக் கற்பிப்பது மொழியாசிரியர் வேலை, வேதியியல் ஆசிரியருக்குச் சோதனைக் குழாய் போதும்" என்பது இன்னொரு மறுப்பு. சோதனைக் குழாய்க்குள் இருப்பதன் மீது ஒட்டப்படும் சீட்டு மொழியால் ஆனது. "மயில்துத்தத்தில் செம்பு எத்தனை சதவீதம்?" என்று கேட்டால், படிக நீரோடு சேர்த்தா, நீக்கியா என்று திருப்பிக் கேட்பதுதான் வேதியியல் அறிவு. படிகமாக உள்ள மயில்துத்தத்தில் 36 சதவீதம் நீர். அதைச் சேர்த்து எண்ணினால் செம்பு ஏறத்தாழ 25 சதவீதம், விட்டுவிட்டு எண்ணினால் ஏறத்தாழ 40. "மயில்துத்தம்" என்னும் பெயர் எந்தப் பொருளைச் சுட்டுகிறது என்று தீர்மானிக்காமல் கணிப்பானைத் தொடுவதில் பயனில்லை. பெயரைத் தீர்மானிப்பது மொழிப்பாடமென்றால், வேதியியலில் பாதி மொழிப்பாடம்தான். அதை ஒப்புக்கொள்வதில் வேதியியலுக்கு இழுக்கு ஒன்றுமில்லை.

வகுப்பறையில் பழகாதது வகுப்பறைக்கு வெளியிலும் பழகாது. பால் உறையைப் பார்க்கலாம். முழுக் கொழுப்புப் பாலில் கொழுப்பு 6 சதவீதம். சமன்படுத்திய பாலில் 3 சதவீதம். கொழுப்பு "மூன்று சதவீதம் குறைவு" என்று ஒருவர் சொல்வார். "ஐம்பது சதவீதம் குறைவு" என்று மற்றொருவர் விளம்பரம் செய்வார். முன்னவர் பாலை நூறாக வைத்து இரு எண்களையும் கழித்துப் பேசுகிறார். பின்னவர் கொழுப்பையே நூறாக வைத்துப் பேசுகிறார். இருவரும் பொய் சொல்லவில்லை; வாங்குபவருக்கு மட்டும் எதுவும் விளங்கவில்லை. வரி, வட்டி, தள்ளுபடி, வாக்கு, பணவீக்கம் என்று குடிமக்களை நோக்கி வீசப்படும் எண்களில் பெரும்பாலானவை சதவீதங்கள். எதில் என்று கேட்கத் தெரியாத மக்களை ஆள்வது எவருக்கும் எளிது. அந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கம் உருவாக வேண்டிய முதல் இடம் உப்பும் நீரும் வைத்திருக்கும் அந்த மேசைதான்.

செய்ய வேண்டியவை சில. அவற்றுக்குச் செலவு ஏதுமில்லை.

முதலாவது, வேதியியல் வினாத்தாள் எதிலும் தனித்த சதவீதக் குறி இடம்பெறக் கூடாது. "10 சதவீத உப்புக் கரைசல்" என்று அச்சிடும் வினாத்தாள் தயாரிப்பாளர், எடைக்கு எடையா, கனஅளவுக்கு எடையா என்று சொல்லக் கடமைப்பட்டவர். சொல்லாமல் விட்டால் அந்த வினா பிழையான வினா. அதற்கான மதிப்பெண் மாணவர் அனைவருக்கும் சேர வேண்டும். விடையில் அலகு எழுதாத மாணவருக்கு மதிப்பெண் குறைக்கும் கல்வி வாரியங்கள் தமக்கும் அதே அளவுகோலை வைத்துக்கொள்ளட்டும்.

இரண்டாவது, கணக்கின் முதல் வரி வாக்கியமாக இருக்க வேண்டும். "நூறு கிராம் கரைசலில் எத்தனை கிராம் உப்பு?" என்று தன் மொழியில் எழுதிய பிள்ளைக்கு, பெருக்கல் பின்னால் சறுக்கினாலும், ஒரு மதிப்பெண் உறுதியாகக் கிடைக்க வேண்டும். ஆங்கில வழியில் படிப்பவரும் அந்த ஒரு வரியைத் தாய்மொழியில் எழுதட்டும். இதனால் விடைத்தாள் கெட்டுப்போகாது.

மூன்றாவது, விடை வந்தபின் அதை முழுமையின் முன் நிறுத்திப் பார்க்கும் பழக்கம் வேண்டும். பகுதி முழுமையைவிடப் பெரிதாகுமா? தூய பொருளில் இருப்பதைவிட மூட்டையில் அதிகம் இருக்குமா? இந்த இரண்டு கேள்விகளைக் கேட்டிருந்தால் டிஏபி மூட்டை எந்த மாணவரையும் ஏமாற்றியிருக்காது. மாறாக, அந்த எண்ணைப் பிடித்து இழுத்துச் சென்று ஆக்சைடு மரபின் வரலாற்றையே அவர் கண்டடைந்திருப்பார்.

நான்காவது, ஆசிரியர்களுக்கு. 12.5 என்று எழுதிய ஏட்டைச் சுழிப்பதற்கு முன், "இது எந்தக் கேள்விக்குச் சரியான விடை?" என்று அந்தப் பிள்ளையிடமே கேட்கலாம். தவறான விடைகளில் பல, வேறொரு நேர்மையான கேள்விக்கான சரியான விடைகள். அந்தக் கேள்வியைக் கண்டுபிடிக்கும் பிள்ளை, செறிவு என்றால் என்ன என்பதை அன்றே கற்றுவிடும். மறுநாள் மோலாலிட்டி வரும்போது அது கரைப்பானுக்கு, மோலாரிட்டி வரும்போது அது கரைசலில் என்று தானாகவே பிரித்துக்கொள்ளும்.

இவற்றில் ஒன்றையும் செய்யாமல், அடுத்த ஆண்டும் அதே அறையில் அமர்ந்து, "இந்த ஆண்டு வந்தவர்களில் பாதிப்பேருக்கும் மேல் சதவீதம் தெரியவில்லை" என்று பேசிக்கொள்வது எளிது. அப்படிப் பேசுபவர்களிடம் மாணவர்கள் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கட்டும்: எதில் பாதி?